கிளிப்பச்சைக் கிடார்

மதுரையிலேயே எலக்ட்ரிக் கிடாருக்கு முதன்முதலாக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தவன் நான்தான். வைகைக்கு அந்தப் பக்கமும் சரி, இந்தப் பக்கமும் சரி, ஸ்ப்ரே அடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

பொய். அதுவரை நான் எதற்குமே ஸ்ப்ரே அடித்ததில்லை. லாரிப் பட்டறையில் எனக்குக் கொடுத்திருந்த வேலை உப்புத்தாள் தேய்ப்பது. மூன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனோ, பள்ளிக்கூடம் என்னை விட்டதோ, ஏதோ ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு என் கைக்கு வந்த ஒரே தாள் உப்புத்தாள்தான். ஸ்ப்ரே துப்பாக்கியைப் பெயின்டர் அண்ணன்தான் பிடிப்பார். அவர் டீ குடிக்கப் போகும்போது நான் அதை எடுத்து, காற்று வராமலே, சுவரைப் பார்த்து நீட்டிக்கொண்டு நிற்பேன். அது ஒரு சுகம்.

பிரச்சினை என்னவென்றால் அந்தப் பொய்யை நான் ஏற்கெனவே ஒருத்தனிடம் சொல்லியிருந்தேன். அவனும் நம்பிவிட்டான்.

அவன் என் சிநேகிதன். பகலில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். சாயங்காலமானால் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பான். நானும் அதே குழுவில்தான் இருந்தேன். என்ன வாத்தியம் என்று கேட்காதீர்கள். பெட்டி தூக்குவேன். ஸ்பீக்கர் பெட்டி, டிரம் பெட்டி, வயர்ப் பெட்டி எல்லாமே என் தலையில்தான். எண்பதுகளின் தொடக்கம். கோயில் பொங்கல், கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூப்பிட்டாலும் எங்கள் வேன் போகும்.

ஒருநாள் டீக்கடையில் அவன் டீயை வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான். மேலே ஆடை கட்டி, ஈ வந்து உட்கார்ந்து, ஈயே சலித்துப் போய் எழுந்து போய்விட்டது.

"என்ன மாப்ள, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?"

"மாஸ்டர் சொல்லிட்டாருடா. என் கிடாரப் பாத்தா கோயில் வாசல்ல விட்டுட்டுப் போன செருப்பு மாதிரி இருக்காம்."

மாஸ்டர் என்பவர் குழுவை நடத்துகிறவர். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அந்தக் கிடார் கொடைக்கானலில் யாரோ விட்டுப்போனது. பல கை மாறி இவனிடம் வந்து சேர்ந்திருந்தது. ஒரு காலத்தில் காப்பிக் கலர். இப்போது பாதி காப்பி, பாதி கட்டை. பெல்ட்டு பக்கிள் உரசி உரசிப் பின்பக்கம் பூனை பிராண்டிய கதவு மாதிரி இருந்தது.

"எழுமலையில அடுத்த வெள்ளிக்கெழம கச்சேரி இருக்குல்ல? அதுக்கு அந்தச் செவப்புக் கிடார்க்காரனையும் கூட்டிட்டு வாராராம். பாதி கச்சேரி நான். பாதி கச்சேரி அவன். மேடையில எவன் எடுப்பா இருக்கானோ அவன்தான் இனிமேட்டுக்கு. இன்னொருத்தன் வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்."

"வாசிப்புல நீதானடா பெரியாளு?"

"வாசிப்ப யார்றா பாக்குறா? காதுலயா பாக்குறாய்ங்க?" என்றான். அப்புறம் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்த மேடை மட்டும் இல்லன்னா நான் வெறும் டைப்ரைட்டர்டா மாப்ள. காலையில மூடிய தொறப்பாய்ங்க, தட்டுவாய்ங்க, சாயங்காலம் மூடிருவாய்ங்க."

அவன் அப்படிச் சொன்னதும் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"குடுறா அத. லாரிக்கே அடிக்கிறவன்டா நான். இந்தப் பலகை எனக்கு எம்மாத்திரம்? கண்ணாடியாட்டம் ஆக்கித் தாரேன்."

"உனக்கு ஸ்ப்ரே அடிக்கத் தெரியுமா?"

"கேக்குறான் பாரு கேள்வி!" என்றேன். தெரியும் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள்.

மறுநாள் அவன் கிடாரைக் கழற்றினான். கழுத்து தனி, கம்பி தனி, வயர் தனி, உடம்பு தனி. கழுத்தைத் தலையணை உறையில் சுற்றித் தன்னிடமே வைத்துக்கொண்டான். உடம்பை மட்டும் என்னிடம் கொடுத்தான். கைக்குழந்தையை ஊசி போடக் கொடுக்கிற தாய் மாதிரி, கொடுத்த பிறகும் கையை எடுக்க மாட்டேன் என்கிறான்.

பலகையோடு செல்லூருக்கு வந்தேன். எங்கள் வீடு இருப்பது ஒரு சந்தில். ஆள் எதிரே வந்தால் ஒருத்தர் வாசற்படியில் ஏறி நின்று வழிவிட வேண்டும். அம்மா பார்த்தாள்.

"என்னடா இது, கறிக்கடைக் கட்டையத் தூக்கிட்டு வார?"

"கிடாரும்மா."

"கம்பியக் காணோம்?"

"கழட்டியாச்சு. பெயின்ட் அடிக்கப் போறேன்."

"நீயா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பெற்றவளுக்குத் தெரியாதா.

தேய்ப்பதில் மட்டும் நான் ராஜா, அதை யாரும் மறுக்க முடியாது. பழைய பெயின்டை உப்புத்தாள் போட்டுக் கட்டை தெரிகிற வரைக்கும் தேய்த்தேன். பள்ளத்துக்குப் பட்டி பார்த்தேன். முரட்டுத் தாள், நடுத் தாள், நைஸ் தாள் என்று வரிசையாகத் தேய்த்து, கடைசியில் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். என் கன்னத்தைவிட அது வழவழவென்று இருந்தது.

பெயின்டுக்குப் பட்டறையில் கேட்டேன். ஒரு லாரிக்காரர் ஆசைப்பட்டு அடிக்கச் சொல்லி, அடித்ததைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று மாற்றிய கிளிப்பச்சை லேக்கர் ஒரு டின் மீதியிருந்தது. பெயின்டர் அண்ணன் "எடுத்துட்டுப் போ, கண்ணு கூசுது" என்று கொடுத்துவிட்டார். தின்னரும் கொடுத்தார். ஸ்ப்ரே துப்பாக்கியையும் கம்ப்ரசரையும் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் என்ன இருக்கிறது? கொசு மருந்து அடிக்கிற கைப்பம்பு இருந்தது. முன்னால் ஒரு டப்பா, பின்னால் இழுத்துத் தள்ளுகிற கைப்பிடி. கொசு மேல் மருந்து பூப்பூவாய் விழுகிறது, கிடார் மேல் விழாதா?

கிடாரைத் தொங்கவிட இடம் வேண்டும். எங்கள் வீட்டு உத்தரத்தில் தொட்டில் கொக்கி ஒன்று உண்டு. என்னைப் போட்டு ஆட்டின கொக்கி. அதில் கம்பியைக் கட்டிப் பலகையைத் தொங்கவிட்டேன். அம்மா சமையலை விட்டுவிட்டு வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அந்தக் கொக்கியில பேரப்பிள்ளை ஆடும்னு பாத்தேன். பலகை ஆடுது."

"மொதல்ல இது ஆடட்டும்மா. ராசியான கொக்கின்னு ஆகும்."

லேக்கரில் தின்னரை ஊற்றித் தண்ணியாகக் கரைத்துப் பம்பில் நிரப்பி அடித்தேன். வாசனை இருக்கிறதே, பக்கத்து வீட்டுக் கோழி இரண்டு சுற்று சுற்றிவிட்டுப் படுத்துக்கொண்டது. பச்சை அழகாகத்தான் விழுந்தது. விழுந்த இடத்தில் நிற்கவில்லை. அங்கங்கே ஒதுங்கி ஒதுங்கி வட்டம் வட்டமாகக் குழி விட்டது. கிடார் முழுக்க அம்மைத் தழும்பு.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆடி மாசம்டா. ஆத்தா எறங்கியிருக்கா. தொடாத, வேப்பிலை கொண்டாரேன்."

"ஆத்தாவும் இல்ல, கீத்தாவும் இல்ல, நீ போம்மா" என்றேன். ஆனாலும் பயத்தில் அன்றைக்கு அதைத் தொடவில்லை.

மறுநாள் பட்டறையில், வேறு யாருக்கோ நடந்த மாதிரி பெயின்டர் அண்ணனிடம் கேட்டேன். "பம்புல கொசு மருந்து இருந்திருக்கும்டா. எண்ணெய்ப் பசை இருந்தா லேக்கர் ஒதுங்கத்தான் செய்யும். அந்த வேறு யாரோவப் பம்பைத் தின்னர்ல நல்லாக் கழுவச் சொல்லு" என்றார்.

கழுவினேன். பலகையைத் திரும்பத் தேய்த்தேன். திரும்ப அடித்தேன். இந்தத் தடவை குழி இல்லை. அட, நமக்கும் வருகிறதே என்று எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. ஈரம் காயட்டும் என்று கொக்கியிலேயே விட்டுவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், கிடாருக்கு மயிர் முளைத்திருக்கிறது.

உடம்பெல்லாம் பூனை மயிர். நெஞ்சில் கொஞ்சம் அடர்த்தியாக.

எங்கள் சந்தில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. பகலும் ஓடும், ராத்திரியும் ஓடும். நூலிலிருந்து பஞ்சுத் தூசி கிளம்பிக் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். சோற்றில் விழும், தலையில் விழும், காப்பியில் விழும். பிறந்ததிலிருந்து தின்று பழகியதால் அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. ஊரில் வேறு எவனாக இருந்தாலும் யோசித்திருப்பான். செல்லூர்க்காரன் மட்டும்தான் பஞ்சுக்கு நடுவில் ஈர லேக்கரைத் தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போவான்.

சாயங்காலம் சிநேகிதன் சைக்கிளில் வந்தான். கொக்கியைப் பார்த்தான்.

"என்னடா மாப்ள, கிடார் ஸ்வெட்டர் போட்டிருக்கு?"

"அது மொத கோட்டிங். அப்படித்தான் இருக்கும்."

"மயிரோடயா?"

"நீ லாரிப் பட்டறையில வேல பாக்குறியா, நான் வேல பாக்குறனா?"

அவன் கிடார்மேல் இருந்த ஒரு மயிரை மட்டும் மெதுவாகப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

ஜன்னலைச் சாத்தினேன், இடுக்கு வழியாகப் பஞ்சு வந்தது. ஆடிக் காற்று. பம்பையும் பலகையையும் தூக்கிக்கொண்டு வைகை ஆற்றுக்குள் இறங்கினேன். அங்கே பஞ்சு இல்லை, மணல் இருந்தது. கிடார் உப்புத்தாளாகத் திரும்பி வந்தது. அதை வைத்து ஒரு லாரியைத் தேய்க்கலாம். கரண்ட் போனால் தறி நிற்கும், தூசி அடங்கும். அதனால் கரண்ட் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். தினமும் போகிற கரண்ட், நான் வேண்டிக்கொண்ட பிறகு ஒருநாள்கூடப் போகவில்லை. மதுரையில் கரண்ட் நிற்காமல் வந்த ஒரே வாரம் அதுவாகத்தான் இருக்கும்.

தறிகள் நிற்பதற்கு இன்னும் ஒரு வழி இருந்தது. எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், எடுக்கிற வரைக்கும் சந்தில் அத்தனை தறியும் நிற்கும். சண்டைக்காரன் வீடாக இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள்.

சுவருக்கு அடுத்த பக்கம் நாலு தறி வைத்திருந்த பெரியவர் ஒருத்தர் இருந்தார். சொந்தம் இல்லை, ஆனால் பெரியப்பா என்று கூப்பிடுவேன். மூச்சிரைப்பு. படுத்த படுக்கையாகி ரொம்ப மாதம் ஆகியிருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்று சந்தே சொல்லிக்கொண்டிருந்தது.

நான் அவர் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. சத்தியமாக. எப்படியும் சாகத்தான் போகிறார், அதை வெள்ளிக்கிழமைக்கு முன்னால் செய்தால் ஒரு உதவியாக இருக்குமே என்றுதான் நினைத்தேன்.

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன்.

"எப்படி இருக்கீக பெரியப்பா?"

"இருக்கேன்டா."

"மூச்சு?"

"வருது, போகுது."

"ரெண்டும் நடக்குதா, இல்ல ஒண்ணு மட்டுமா?"

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மறுநாள் பன் ரொட்டி கொண்டுபோனேன். அடுத்து இளநீர். இளநீரை உறிஞ்சிக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"ஏன்டா, நீ என்னைத் தேத்தி விட வாரியா, அனுப்பி வைக்க வாரியா?"

"என்ன பெரியப்பா இப்படிக் கேக்குறீக!"

"உங்காத்தா சொல்லிட்டாடா. தறி நின்னாத்தான் உன் பலகைக்குச் சாயம் ஒழுங்காப் பிடிக்குமாம்ல?"

மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவர் மருமகள், எனக்கு மதினி முறை, உலக்கையைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தாள்.

"எப்பத்துக்குள்ள வேணும்?" என்றார் பெரியப்பா.

"புதன்கெழமைக்குள்ள அடிச்சாத்தான் காயும்... ஐயோ, இல்ல பெரியப்பா, நீங்க நூறு வயசு இருக்கணும்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லுடா."

அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இருமலில் கட்டில் ஆடியது. நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டே மெதுவாகக் கேட்டேன்: "ஒரு அரை நாளு தறிய நிப்பாட்டச் சொல்லக் கூடாதா பெரியப்பா?"

"என் நாலு தறிய நிப்பாட்டுவேன். சந்துல இருக்கிற மிச்சத் தறிய எவன் நிப்பாட்டுவான்? உன் கிடாருக்காகவா? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி மந்திரி வந்தாரு, அதுக்கே நிப்பாட்டலடா அவய்ங்க." கண்ணை மூடிக்கொண்டார். "சாவுக்குத்தான் நிப்பாட்டுவாய்ங்க. எனக்கு இப்ப அந்த யோசனை இல்ல. போயிட்டு வா."

புதன்கிழமை வந்தது. பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு, தேய்த்து வைத்த பலகையைக் கொக்கியில் மாட்டி, பம்பை நிரப்பி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். தறிகள் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. போச்சு, மாப்ள டைப்ரைட்டர்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் சொன்ன பொய்க்கு அவன் மேடை போகப் போகிறது. அம்மாவிடம்கூடப் பேசவில்லை. அவளே பயந்துபோய், "பசிக்குதாடா?" என்று கேட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு வேளை தாண்டியிருக்கும். பக்கத்து வீட்டில் மதினியின் அலறல். "மாமா! ஐயோ மாமா!"

முதலில் அந்த வீட்டு நாலு தறியும் நின்றன. அப்புறம் எதிர்வீடு. அப்புறம் மூலை வீடு. சந்தின் கடைசி வரைக்கும் ஒவ்வொன்றாக டடக், டடக் என்று மூச்சை விட்டுவிட்டு அடங்கின. அம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். சந்தில் செருப்புச் சத்தம். பிறகு அதுவும் இல்லை. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் பஞ்சு மெதுவாக இறங்கித் தரையில் உட்காருவதை என் கண்ணால் பார்த்தேன்.

என் ஒரு கால் வாசற்படியில். ஒரு கை பம்பில். நேற்றுதான் இளநீர் குடித்தார். போகிற மனுஷனை ஓடிப்போய்ப் பார்க்க வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் போனவர் இனி எங்கேயும் போக மாட்டார், பஞ்சு திரும்ப எழும்பிவிடும். உள்ளே வந்து பம்பை எடுத்தேன்.

அழுதுகொண்டே அடித்தேன். அழுகைக்குப் பாதிக் காரணம் பெரியப்பா, பாதிக் காரணம் தின்னர். ஒரு கை அடித்து, காயவிட்டு, இரண்டாவது கை அடித்தேன். பச்சை அப்படியே தண்ணீர் மாதிரிப் பரவி நின்றது. ஒரு தூசி இல்லை, ஒரு குழி இல்லை. இதைப் பார்க்க அவர் இல்லையே என்று இன்னும் கொஞ்சம் அழுதேன். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போனேன்.

வாசலில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்து இரண்டடி பின்னால் போனார்கள். எனக்கு விளங்கவில்லை. கூட்டத்தை விலக்கி உள்ளே போனால், பெரியப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருக்கிறார். தறிக்காரர்கள் எழுந்து, "சரி, நல்லாத்தான் இருக்காரு, தறியப் போடலாம்" என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். சோடாவைக் கீழே வைத்தார்.

"எமன்தான் மறுபடி வந்துட்டான்னு பாத்தேன். நீயாடா?"

அப்போதுதான் என் கையைப் பார்த்தேன். பச்சை. மூஞ்சியும் பச்சையாகத்தான் இருந்திருக்க வேண்டும், கண்ணீர் ஓடின இரண்டு கோடு தவிர.

"பெரியப்பா, இருக்கீகளா?"

"கொஞ்ச நேரம் மூச்சு நின்னுருச்சாம். எனக்கே இவ சொல்லித்தான் தெரியும்." என்னைக் கிட்டே கூப்பிட்டார். குனிந்தேன். காதுக்குள் கேட்டார்: "அடிச்சிட்டியா?"

"ரெண்டு கை ஆச்சு பெரியப்பா."

"எம்புட்டு வேணும்?"

"மூணு கை. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் காயணும்."

தறிக்காரர்கள் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கையை நெஞ்சில் வைத்தார். "அம்மா..." என்று நீளமாக ஒரு சத்தம் போட்டுக் கட்டிலில் சரிந்தார்.

"ஐயையோ மாமா!" என்று மதினி விழுந்தடித்து ஓடி வந்தாள். போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்து செருப்பைக் கழற்றினார்கள். நான் நிஜமாகவே போய்விட்டாரோ என்று விறைத்து நின்றேன். பெரியப்பா ஒரு கண்ணை மட்டும் நூல் அளவு திறந்தார். உதடு அசையாமல் சொன்னார்:

"இன்னும் என்னடா நிக்கிற, கூறுகெட்டவனே?"

ஓடினேன். இந்த மனுஷன் எவ்வளவு நேரம் சாவார் என்று யாருக்குத் தெரியும்? அதனால் மூன்றாவது கையை மெல்லிசாக அடிக்காமல், பம்பில் இருந்த அத்தனையையும் கெட்டியாக ஒரே அடியில் அடித்துத் தீர்த்தேன். பிறகு விசிறியால் வீசினேன். வாயால் ஊதினேன். விரலால் தொட்டேன், ஒட்டவில்லை. வேலை முடிந்தது என்று சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது: "ஏத்தா, அடுப்புல காப்பி இருக்கா?"

கொஞ்ச நேரத்தில் தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. அம்மா வந்து கிடாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

சிநேகிதன் வியாழக்கிழமை வந்து பார்த்தான். அதில் தன் முகம் தெரிவதைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "செவப்பா அடிச்சிருக்கலாம்ல?" என்றான் கடைசியில்.

"செவப்பு எல்லாப் பயலும் வச்சிருக்கான்டா. இது மீனாட்சி கையில இருக்கிற கிளிடா மாப்ள."

கழுத்தை மாட்டி, வயரை ஒட்டி, கம்பியைக் கட்டினான். வெள்ளிக்கிழமை மத்தியானம் உசிலம்பட்டி வழியாக எழுமலைக்கு வேன் போனது. நான் பெட்டிகளோடு பின்னால். சிவப்புக் கிடார்க்காரன் முன்சீட்டில், தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவன் மாதிரி.

மாஸ்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குக் கோட்டுப் பைத்தியம். மேடையில் ஏறுகிற எல்லோரும் மெரூன் வெல்வெட் கோட்டுப் போட வேண்டும், ஓரத்தில் சரிகை. ஆனால் கோட்டு ஆளுக்கு இல்லை, வாத்தியத்துக்கு. டிரம்முக்கு ஒரு கோட்டு, ஆர்கனுக்கு ஒரு கோட்டு, கிடாருக்கு ஒரு கோட்டு. ஆள் மாறலாம், கோட்டு மாறாது. பெட்டிக்குக் கோட்டு கிடையாது, அதனால் நான் பனியன்.

மேடையில் மாஸ்டர் கிடாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பச்சையா?"

"மீனாட்சி கிளி மாஸ்டர்" என்றேன் பின்னாலிருந்து.

"எழுமலைக்காரனுக்கு எதுக்குடா மீனாட்சி?" என்றார். ஆனால் கிடாரில் தன் முகம் தெரிவதைப் பார்த்து, சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டார். சிநேகிதன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

விளக்கு வைத்ததும் கச்சேரி ஆரம்பித்தது. முதல் பாதி அவனுடையது. டியூப் லைட்டு வெளிச்சத்தில் அந்தப் பச்சை இருக்கிறதே, பருத்திக் காட்டிலிருந்து வந்து உட்கார்ந்திருந்த ஜனம் பாடுகிறவளை விட்டுவிட்டு அதையே பார்த்தது. அவனும் கிடாரை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வாசித்தான். புழுக்கம். வெல்வெட்டுக்குள் வேர்வை ஆறாக ஓடியிருக்கும்.

பாதி முடிந்தது. தட்டியால் மறைத்த மேடைப் பின்பக்கத்துக்கு வந்தான். சிவப்புக் கிடார்க்காரன் ஏற்கெனவே சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு தயாராக நின்றான்.

"ம், கோட்டக் குடு" என்றான்.

சிநேகிதன் பெல்ட்டைத் தோளிலிருந்து கழற்றினான். கிடாரை இழுத்தான். கிடாரோடு கோட்டும் வந்தது. கோட்டோடு அவனும் வந்தான்.

"மாப்ள" என்றான் என்னைப் பார்த்து, சின்னக் குரலில். "விட மாட்டேங்குது."

கெட்டியாக அடித்தேனே மூன்றாவது கை, அது மேலே மட்டும் காய்ந்து, ஆடை கட்டின பால் மாதிரி உள்ளே அப்படியே இருந்திருக்கிறது. சூட்டிலும் வேர்வையிலும் அமுக்கத்திலும் இளகி, வெல்வெட்டைப் பிடித்துக்கொண்டுவிட்டது. நான் பிடித்து இழுத்தேன். சிவப்புக் கிடார்க்காரன் அவன் பங்குக்கு இழுத்தான்.

"கிழிச்சிராதீங்கடா!" என்று மாஸ்டர் ஓடி வந்தார். "என் கோட்டு!"

"மாஸ்டர், நான் என் சட்டையோடயே ஏறிர்றேன்" என்றான் சிவப்புக் கிடார்க்காரன். "நல்ல சட்டைதான்."

மாஸ்டருக்குக் கோபம் தலைக்கேறியது. "கோட்டு இல்லாதவன் என் மேடையில ஏறுனா அதுக்குப் பேரு கச்சேரியா? ஊர்க் கூட்டம்! நீ கீழ உக்காரு." சிநேகிதன் பக்கம் திரும்பினார். அவன் அசையாமல் நின்றான், கிடாரும் கோட்டும் அவனுமாக ஒரே பொருளாய். வெளியே ஜனம் விசில் அடித்தது. எவனோ ஒருத்தன், "அந்தக் கிளியக் கொண்டாங்கப்பா!" என்று கத்தினான்.

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "ஏறித் தொலை. மிச்சத்தையும் நீயே வாசி."

அவன் வாசித்தான் பாருங்கள். அதற்கு முன்னும் அப்படி வாசித்ததில்லை, பின்னும் இல்லை. கழற்ற முடியாது என்று தெரிந்துவிட்டதால் வந்த தைரியமோ என்னவோ. முடிந்து கீழே இறங்கும்போது மாஸ்டர் அவன் காதைப் பிடித்துத் திருகி, "இனிமே கிடாருக்கு நீதான்டா. அந்தக் கோட்டுக்கும் நீதான் பொறுப்பு" என்றார். காது வலியில் அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. காது வலிதான் என்று அவன் இன்றைக்கும் சாதிக்கிறான்.

அவனுக்கு மேடை நிலைத்தது. அடுத்து அவனைக் கிடாரிலிருந்து பிரிக்க வேண்டும். என்னிடம் ஒரு சீசாவில் மிச்சத் தின்னர் இருந்தது. வேனுக்குப் பின்னால் அவனைக் கூட்டிக்கொண்டுபோய், கையைத் தூக்கி நிற்கச் சொல்லி, இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். கோட்டு ஒரு ஓரமாக விட ஆரம்பித்தது. விட்ட இடத்தில் பார்த்தால், கிடாரின் முதுகில் மெரூன் கலரில் மறுபடியும் மயிர். அதைக் கரைக்கிற அவசரத்தில் சீசாவை அப்படியே சாய்த்துவிட்டேன். அது அவன் பேண்டுக்குள்...

"இந்தா, இங்கேருங்க! கொழாயில தண்ணி வந்து எம்புட்டு நேரமாச்சு! கொடத்த வரிசையில வச்சுட்டு அங்க என்ன கதை அளந்துக்கிட்டு ஒக்காந்திருக்கீக?"

"ஒரு நிமிசம். பேண்டுக்குள்ள தின்னர் போயிருச்சு..."

"யாரு பேண்டுக்குள்ள? வாரீகளா, இல்ல உங்க கொடத்த நகத்திட்டு என் கொடத்த வச்சிரவா?"

"நகத்திராத, நகத்திராத! வாரேன்."